இடது இறக்கையில் பதினொரு நாட்கள்

போன மாதம் சிமோன் தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த பட்டறையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். ஒரு பழைய விமானம் வந்திருக்கிறதாம். இப்போதெல்லாம் இறக்கைத் துணியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் இதை அந்தக் காலத்தில் இருந்தமாதிரியே நூலால் தைத்துத் தரவேண்டுமென்று சொந்தக்காரர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். முடிச்சுப் போடும் முறையை நாலு வரியில் எழுதித் தருவாயா என்று கேட்டாள்.

எழுதிக் கொடுத்தேன். ஜெர்மன் மொழியில், இரண்டு பக்கம். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. நான் பொதுவாகவே இருந்த இடத்தில் இருக்கிறவள் இல்லை. வேலையை விட்ட நாளிலிருந்து பீல் நகரத்து பஸ்களில் ஏறி, கடைசித் தரிப்பு வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். என் மனுசன் அந்தோனி, "உனக்குக் காலுக்குள்ள என்ன சக்கரமோ" என்று கேட்பார். ஆனால் இந்தமுறை பஸ்ஸில் போயும் தீரவில்லை. சிமோனுக்கு எழுதின இரண்டு பக்கத்தில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைத் தமிழிலாவது எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சுவிஸுக்கு அகதிகளாக வந்தவர்கள். அந்தோனிக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நான் முதலில் ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்தேன். பிறகு திரைச்சீலை தைக்கும் கடை ஒன்று. அது மூடப்பட, வேலை தேடித்தரும் அலுவலகத்திலிருந்த பெண், "உங்களுக்குத் தைக்கத் தெரியும்தானே" என்று ஒரு விலாசம் தந்தாள். ரயிலில் பத்து நிமிடம், யூரா மலையின் அடியில் ஒரு சின்ன விமானத்தளம். அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. நான் ஆசன உறை தைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒரு இறக்கையை எலும்புக்கூடாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பட்டறை முதலாளி அஃபோல்ட்டர். நெட்டை மனிதர், சாம்பல் நிற மேலங்கி, காதில் பென்சில். அவர் பாராட்டி நான் கேட்டதே இல்லை. ஏசியும் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரே சொல்: "நோமால்." திரும்பவும் செய் என்று அர்த்தம். காலை ஒன்பது மணிக்குக் கோப்பி நேரம், அதை இங்கே ட்ஸ்நூனி என்பார்கள். ஒன்பது என்றால் ஒன்பதுதான், ஊசி பாதித் துணியில் நின்றாலும் அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும். அவசரக்காரியான எனக்கு அந்தக் கால் மணித்தியாலம் முள்ளில் இருக்கிறமாதிரி இருக்கும்.

முதல் வருடம் முழுக்க வெட்டவும் அளக்கவும் பழைய துணி உரிக்கவும்தான் விட்டார். இரண்டாம் வருடம்தான் ஊசி தந்தார்.

அங்கே வரும் பழைய விமானங்களின் இறக்கை மரச் சட்டங்களால் ஆனது. மேலும் கீழும் லினன் துணியை இழுத்துப் போர்த்துவார்கள். பறக்கும்போது காற்று மேல்துணியைச் சட்டத்திலிருந்து உரித்து எடுக்கப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு சட்டத்தோடும் துணியைத் தைத்துக் கட்டவேண்டும். இறக்கையைச் சுவர்மாதிரி நிமிர்த்தி வைப்போம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அஃபோல்ட்டர். முழங்கை நீள ஊசியைச் சட்டத்துக்கு இந்தப் பக்கமாகக் குத்தித் தள்ளுவேன். அவர் அங்கே வாங்கி, சட்டத்தின் மற்றப் பக்கமாகத் திருப்பித் தள்ளுவார். என் பக்கத்தில் முடிச்சு. நாலு விரல் இடைவெளி விட்டு அடுத்த முடிச்சு. நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்துவிட்டுத்தான் கோக்கவேண்டும். ஒரு சட்டம் முடிந்ததும் அஃபோல்ட்டர் என் பக்கம் வருவார். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் ஒவ்வொரு முடிச்சாக அழுத்திப் பார்ப்பார். சரி என்றால் ஒரு அட்டையில் திகதி, நூல் உருளையின் இலக்கம், தைத்தவரின் எழுத்து, பார்த்தவரின் எழுத்து. பிழை என்றால் நோமால்.

முதல் நாள் அந்த முடிச்சைக் காட்டித் தந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வலை முடிச்சு. நான் பேசாலைக்காரி, மீன்பிடி ஊர். எங்கள் வீட்டில் வலை முடிச்சுப் போடத் தெரியாத கை கிடையாது. எனக்கு அந்த வேலை கண்ணிலும் காட்டக்கூடாது, அதிலிருந்து தப்பத்தான் தையல் பழகினேன். ஐரோப்பாவுக்கு வந்தால் விமானத்துக்குள்ளும் அதுவே இருந்தது. அஃபோல்ட்டர் காட்டி முடிக்கமுதல் நான் பத்து முடிச்சுப் போட்டுவிட்டேன். அவர் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், நோமால் வரவில்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

இனி ரூடியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ரூடி முப்பது வருடம் பனிமலைகளில் மீட்பு விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். குள்ளமான, கலகலப்பான மனிதர். நூலைக் கொண்டா என்றால் உருளையோடு பகிடியும் கொண்டுவருவார். நாங்கள் அப்போது திருத்திக்கொண்டிருந்த இரண்டு ஆசன விமானம் அவருடையது. சேமித்ததையெல்லாம் அதில்தான் கொட்டியிருந்தார். விமானம் வந்த புதிதிலே, ஆட்கள் தூரதேசங்களுக்குப் பறக்கத் தொடங்கிய காலத்தில், இந்த ஊர்ப்பக்கத்து விமானி ஒருவர் தன் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, கோர்சிகா, சார்டினியா தீவுகளில் இறங்கி, கடலைக் கடந்து தூனிஸ் வரை போனாராம். அதே மாதிரியான விமானத்தில், அதே வழியில், திசைகாட்டியும் மணிக்கூடும் வரைபடமும் மட்டும் வைத்துக்கொண்டு போகவேண்டும் என்பது ரூடியின் ஆசை. அரசாங்க விதிக்காக ஒரு ரேடியோ மட்டும்.

அந்த விமானியின் குறிப்புப் புத்தகத்தின் பிரதி அவரிடம் இருந்தது. ட்ஸ்நூனி நேரத்தில் எங்களுக்கு வாசிப்பார். குளிருக்குக் கோட்டுக்குள் செய்தித்தாள் திணித்துக்கொண்டு போனது, வழி தெரியாமல் ரயில் பாதைக்கு மேலாகப் பறந்து, ஸ்டேசன் பெயரை வாசிக்கத் தாழப் பதிந்து போனது. மெக்கானிக்கின் இரும்புக் கருவிப் பெட்டி பக்கத்திலிருந்து இழுத்ததில் திசைகாட்டி பிழையாகக் காட்டி, அரைநாள் வேறெங்கோ போனார்களாம். சார்டினியாவுக்குக் கிட்ட ஒரு சட்டத்தின்மேல் துணி எழும்பிப் படபடக்கத் தொடங்கியிருக்கிறது. கடற்கரையில் இறக்கி, மீன்காரரிடம் நூல் வாங்கித் தைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ரூடி அந்த இடத்தை என்னைப் பார்த்துத்தான் வாசிப்பார். "பாத்தியளோ, உங்கட ஆக்கள்தான் அண்டைக்கும் காப்பாத்தினவை" என்பார். ரூடி பேசியது சுவிஸ் ஜெர்மன், எனக்குக் கேட்டது இப்படித்தான்.

அவருக்கு நேரம் இருக்கவில்லை. இருதயத்தில் ஏதோ குறை. அந்த வருடக் கடைசியோடு பறப்பதற்கான மருத்துவச் சான்றிதழ் முடிகிறது, புதிதாகக் கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செப்டெம்பர் முடியமுதல் ஆல்ப்ஸைத் தாண்டவேண்டும், பிறகு கணவாய்களை மேகம் மூடிவிடும். வலது இறக்கையைச் சித்திரை வைகாசியில் ஆறுதலாகத் தைத்து முடித்திருந்தோம். ஆவணி பிறந்தும் இடது இறக்கை மிச்சம். ரூடி தினமும் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்: "எப்ப முடியும்?" நான் அவரைவிட அவசரம். அவரை எப்படியாவது அனுப்பிவிட வேண்டுமென்று எனக்கும் ஒரு வெறி வந்துவிட்டது.

மெழுகு போட்ட நூல் வழுக்கும். முடிச்சு இறுகமுதல் நழுவும். அதனால் நான் மெழுகில் ஒரு தரம் மட்டும் இழுத்தேன். பிறகு முடிச்சுப் போடும் இடத்தை வாயில் வைத்து ஈரமாக்கிவிட்டு இழுத்தேன். வலை பின்னுகிற எல்லாரும் செய்வது அது, யோசித்துச் செய்வதில்லை, கை தானே வாய்க்குப் போகும். நான் பழகியது நைலோன் நூலில். நைலோனில் எச்சில் ஒன்றும் செய்யாது. முடிச்சு சிக்கெனப் பிடித்தது. ஒரு சட்டம் தைக்கிற நேரத்தில் இரண்டு தைத்தேன். மறுபக்கத்தில் நின்ற அஃபோல்ட்டருக்கு என் ஊசி தெரியும், வாய் தெரியாது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், கல்லுமாதிரி இருந்தது. அட்டையில் எழுதினார்.

பிறகு பீஸ் அடித்தது. வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றுக்கு இங்கே அதுதான் பெயர். மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேளைக்கே வந்துவிட்டேன். அஃபோல்ட்டர் இன்னும் வரவில்லை. சும்மா நிற்கத் தெரியாதவள், இடது இறக்கையின் முதல் வரிசை முடிச்சுகளைத் தடவிப் பார்த்தேன். ஒரு முடிச்சுக்கு அடியில் என் நகம் போனது. அடுத்ததிலும் போனது. லினன் நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும். வலை எப்போதும் தண்ணீரில் கிடக்கும், இறக்கை கிடக்காது. அந்த நிமிடம்வரை இது எனக்கு யோசனையில் வரவில்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு நாள் வேலை. துணிக்கு ஒன்றுமில்லை. முடிச்சுகளை வெட்டிப் புதிதாகத் தைத்தால் போதும்.

சொல்லவில்லை.

இரவு அந்தோனியிடம் சொன்னேன். எங்களுக்கு அப்போது தற்காலிக அனுமதிதான். நிரந்தரமாய்த் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தோம், இருவருக்கும் வேலை இருக்கவேண்டும்.

"வாயைத் திறக்காதை," என்றார். "பேர்மிட் கைக்கு வரட்டும்."

"ஆள் கடலுக்கு மேலால போகப்போகுது."

"அதுக்கு மேல லாக் பூசுறவைதானே? பூசினால் இறுகியிடும் எண்டு நீதானே சொன்னனீ."

ஓம், நான்தான் சொன்னேன். தைத்த வரிசையின்மேல் துணிப்பட்டி ஒட்டி, அதன்மேல் லாக் என்கிற ஒரு திரவத்தைப் பல தடவை பூசுவோம். நகப்பூச்சு மாதிரி மணக்கும். துணி மேளத்தோல்மாதிரி இறுகிவிடும். முடிச்சும் இறுகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை பட்டி ஒட்டினோம். வியாழன் முதல் பூச்சு. நான்தான் தூரிகை பிடித்தேன். ஒவ்வொரு பூச்சும் காய, அடியில் இருப்பதை எடுப்பது இன்னும் கடினமாகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பூசினேன். அந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கப் போகாமல் கடைசி வாங்கிலே இருந்தேன். ஒரு இடத்தில் நில்லாத நான் அந்தக் கிழமை முழுக்க வாயை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தேன்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை, ட்ஸ்நூனிக்கு ரூடி ஒரு தாளோடு வந்தார். ஏற்றும் பொருட்களின் நிறைக் கணக்கு. அதில் ரப்பர் படகு என்ற வரியைப் பென்சிலால் வெட்டினார்.

"ஏன் அதை வெட்டுறியள்?" என்று கேட்டேன்.

"படகுக்குப் பதிலா இன்னும் பெற்றோல் கொண்டு போகலாம். எதிர்க்காத்து அடிச்சால் உதவும். இறக்கை தைச்சது ஆரெண்டு எனக்குத் தெரியும்தானே, பிறகேன் படகு?"

என் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அஃபோல்ட்டர் எழுந்து தூரிகை கழுவப் போனார். நான் பின்னாலே போனேன். வழக்கமாக நான் பேசும் ஜெர்மனில் அன்றைக்கு வாயில் வந்தது "இடது செட்டை முடிச்சு இளகியிருக்குது. நான் நூலை வாயில வைச்சனான்," என்று இரண்டு வசனம்தான்.

அவர் தூரிகையைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினார். மேலங்கிப் பையிலிருந்து கத்தியை எடுத்து, பூசி முடித்திருந்த இறக்கையில் கையகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டினார். கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"எத்தினை வரிசை?"

"முழுக்க."

"எப்ப தெரியும்?"

"போன கிழமை செவ்வாய்."

விரல்விட்டு எண்ணினார். பதினொரு நாள். அவர் முகம் மாறினதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முடிச்சுக்காக அல்ல, அந்தப் பதினொன்றுக்காக.

அட்டையை எடுத்தார். என் எழுத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு வரியிலும் தன் எழுத்தை மட்டும் கோடு போட்டு வெட்டினார். "ஈரமாய் இருக்கேக்க அமத்திப் பாத்துட்டுச் சரி எண்டு எழுதினனான்," என்றார். பிறகு கத்தியை என்னிடம் தந்தார். அன்றைக்குப் பின்னேரம் வரை நான் இறக்கையைக் கிழித்தேன். லாக் பூசிய துணியைத் திரும்பப் பாவிக்க முடியாது. புதிய லினன் பெல்ஜியத்திலிருந்து வரவேண்டும்.

ரூடியிடம் அவர் சொன்னது ஒரே வசனம்: "நூல் பழுதான நூல், பொறுப்பு என்னுடையது." நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ரூடி இறக்கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அப்ப எப்ப முடியும்?" என்று கேட்டார், அந்தமுறை பகிடி இல்லாமல்.

துணி வர ஐந்து கிழமை. நூலை இரண்டு தரம் மெழுகில் இழுத்து, வாயைக் கட்டிக்கொண்டு தைத்து முடிக்கும்போது ஐப்பசி நடுப்பகுதி, கணவாய்களில் பனி. விமானத்தைத் தளத்தைச் சுற்றி ஒரு பின்னேரம் ஓட்டிப் பார்த்தார் ரூடி. இறங்கி வந்து, "நல்லா இருக்கு," என்றார். மார்கழியோடு அவருடைய சான்றிதழ் முடிந்தது. எங்களுக்கு அந்தக் கார்த்திகையிலே பேர்மிட் வந்தது. விண்ணப்பத்துக்கு அஃபோல்ட்டர் தந்த சான்றுக் கடிதத்தில் என்னை நம்பகமானவர் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் பிரதியை நான் கிழித்துப் போட்டேன். கிழித்தது அந்தோனிக்கு இன்றுவரை தெரியாது.

அந்த முடிச்சுகள் தாங்கியிருக்குமா இல்லையா? எனக்குத் தெரியாது. கிழித்த துணியிலிருந்து சில முடிச்சுகளை அஃபோல்ட்டர் வெட்டி எடுத்து, தராசில் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தார். பார்த்ததை எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. தாங்கியிருக்கும் என்றால் ரூடி வீணாக நின்றுபோனார். தாங்கியிராது என்றால் பதினொரு நாள் நான் அவரைச் சாகவிடத் தயாராக இருந்தேன். எந்தப் பதிலை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது?

இரண்டு வருடம் கழித்து வசந்தத்தில் அந்த விமானம் தூனிசுக்குப் போனது. ஓட்டியது வேறொரு விமானி, ரூடியின் பாதி வயதுக்காரர். ஓட்டாமல் மற்ற ஆசனத்தில் இருந்துபோக ரூடி சம்மதிக்கவில்லை. ரூடி கோடு போட்டு வைத்திருந்த வரைபடங்களையே அந்த விமானி கொண்டுபோனார். அன்று காலையில் ரூடியும் தளத்துக்கு வந்திருந்தார். விமானம் யூரா மலையோடு திரும்பி, தெற்கே சின்னதாகிப் போனது. வந்தவர்கள் கைதட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். புல்லிலே நானும் அவரும்தான் நின்றோம்.

"நூல் பழுதில்லை," என்றேன். "நான்தான் பிழை விட்டனான். வாயால நனைச்சு முடிஞ்சனான்."

"அஃபோல்ட்டர் பொய் சொல்லத் தெரியாத மனுசன்," என்றார் ரூடி. "முகத்தைப் பாத்து அண்டைக்கே விளங்கினது. பிழை ஆருக்கும் வரும். அதை விடுங்கோ."

அதோடு விட்டிருக்கலாம். அந்தோனியாக இருந்தால் விட்டிருப்பார். எனக்கு விட முடியவில்லை.

"எனக்கு முதலே தெரியும். லாக் பூசமுதலே தெரியும். பதினொரு நாள் சொல்லாமல் இருந்தனான்."

மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்:

"முதல் நாளே சொல்லியிருந்தால்?"

"நாலு நாளில தைச்சிருப்பன்."

"அப்ப நான் போயிருப்பன்."

"ஓம். போயிருப்பியள்."

அவர் தலையை ஆட்டினார். சைக்கிளை எடுத்து, காற்சட்டைக் காலில் கிளிப்பை மாட்டி, போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ரூடி பட்டறைக்கு வந்தார். அஃபோல்ட்டரோடு இருந்து கதைப்பார், சிரிப்பார், தூனிசுக்குப் போய்வந்த விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். வரும்போதும் போகும்போதும் எனக்கு "க்ருஸ்ஸெக்" என்று ஒரு வணக்கம் சொல்வார். வேறொன்றும் சொல்வதில்லை. ஆறு வருடம், அவர் சாகும்வரை அப்படித்தான். பட்டறையில் மற்றவர்கள் அதைப் பார்த்து அவரைக் கல்நெஞ்சன் என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வணக்கத்தையும் சொல்லியிருக்க மாட்டேன்.